பாயில் விதிக்கு அப்பால் இராபர்ட் பாயில்

1677ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் மலாய் மொழியில் ஒரு நூல் அச்சேறியது. கிறித்தவ விவிலியத்தின் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் அந்நூலில் அடங்கியிருந்தன. மொழிபெயர்ப்பு டச்சுக்காரர்கள் முன்னரே செய்து வைத்திருந்தது. எழுத்து உரோமன் எழுத்து. ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற போட்லி நூலகத்தின் காப்பாளராயிருந்த தாமஸ் ஹைடு அதற்கு முன்னுரை எழுதினார். அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டவர் யார் என்று பார்த்தால், நம் மாணவர்கள் நன்கறிந்த ஒரு பெயர் எதிர்ப்படுகிறது. வெப்பநிலை மாறாதிருக்கையில், ஒரு வாயுவின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்கானால் அதன் கனஅளவு பாதியாகும் என்று பாடநூலில் படிக்கிறோமே, அந்த விதிக்குப் பெயர் தந்த இராபர்ட் பாயில்தான் அவர்.

காற்றை அளந்தவர், தாம் அறியாத ஒரு மொழியில், தாம் காணாத ஒரு கடற்பகுதிக்காக நூல் அச்சிட முன்வந்தது ஏன்? அவருடைய வாழ்வில் இதைப் போன்ற வியப்புகள் பல உள்ளன. நாம் வகுப்பறையில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகும் மனிதரை இவ்வுரையில் சற்று நின்று காண விழைகிறோம்.

பாயில் 1627ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அயர்லாந்தின் லிஸ்மோர் கோட்டையில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் பாயில், கார்க் பகுதியின் முதலாம் பிரபு. பிள்ளைகள் பதினைவருள் இராபர்ட் பதினான்காமவர். அயர்லாந்து மக்களின் நிலங்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறிய காலம் அது. அம்மாற்றத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியோருள் இந்தத் தந்தையும் ஒருவர். பிற்காலத்தில் மகன் செய்த ஆய்வுகள், வாங்கிய கருவிகள், அச்சிட்ட நூல்கள் யாவற்றுக்கும் அடியில் கிடந்த பணம் அங்கிருந்து வந்ததே. இதனை மறைத்து அவருடைய வாழ்வைச் சொல்வது முறையாகாது.

தாயார் அவருக்கு மூன்று வயதாகும்போதே மறைந்தார். குழந்தைப் பருவத்திலேயே திக்குவாய் அவரைப் பற்றிக்கொண்டது. திக்கிப் பேசிய பிற சிறுவர்களைக் கேலியாக நடித்துக் காட்டப் போய்த் தமக்கும் அப்பழக்கம் ஒட்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அது கடைசிவரை நீங்கவில்லை. பேச்சு தடைப்பட்ட ஒருவர் எழுத்தில் இத்துணை விரிவாகப் பேசியதை எண்ணும்போது இச்செய்தி நம் நினைவில் நிற்கிறது.

எட்டு வயதில் ஈட்டன் பள்ளி, பின்னர் ஆசிரியர் ஒருவருடன் ஜெனீவா, அங்கிருந்து இத்தாலி. 1642ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிலியோ பிளாரன்சுக்கு அருகே உயிர் நீத்தபோது, பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பாயில் அதே நகரில் தங்கி அவருடைய நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்ததில்லை. அதற்குள் அயர்லாந்தில் கலகம் மூண்டது; வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது; தந்தையும் 1643இல் இறந்தார். 1644இல் இங்கிலாந்து திரும்பிய இளைஞருக்குத் தங்கும் இடமும் அறிவுத் துணையும் தந்தவர் தமக்கை கேத்தரின், ரனிலா சீமாட்டி. இவ்வம்மையார் இலண்டன் அறிஞர்களோடு சரிசமமாகப் பழகியவர். தம்பியின் வாழ்வில் இவருடைய இடம் பெரிது. வரலாற்று நூல்கள் இவருக்குத் தந்த பக்கங்களோ சில.

தந்தை விட்டுச்சென்ற ஸ்டால்பிரிட்ஜ் மாளிகையில் பாயில் தம் முதல் ஆய்வுக்கூடத்தை அமைக்க முனைந்தார். 1647இல் அவர் வரவழைத்த பெரிய மண் உலை ஒன்று வழியிலேயே நொறுங்கிச் சில்லுகளாக வந்து சேர்ந்தது. அவ்வருத்தத்தைத் தமக்கைக்கு மடல் எழுதித் தீர்த்துக்கொண்டார். அறிவியல் வாழ்வு உடைந்த பாண்டத்தோடு தொடங்கியது எனலாம். உடைந்தவற்றை ஒளிக்காமல் எழுதும் வழக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது. அவருடைய பல துறை ஈடுபாடுகளையும் ஒன்றாகக் கட்டி நிறுத்திய கயிறு இவ்வழக்கமே என்பது நம் கருத்து.

1650களின் நடுவில் அவர் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்து, ஹை ஸ்ட்ரீட்டில் மருந்து வணிகர் ஒருவரின் வீட்டில் தங்கினார். ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக் என்பவர் ஒரு கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவி செய்ததை நூலொன்றின் வழி அறிந்து, அதனினும் வசதியான ஒன்று வேண்டுமென விரும்பினார். அதை 1659இல் செய்து முடித்தவர் அவரிடம் உதவியாளராயிருந்த இராபர்ட் ஹூக். ஏறத்தாழ 28 லிட்டர் கொள்ளும் கண்ணாடி உருண்டை மேலே. அதன் அடியில் பித்தளை உருளையும், பல்சக்கரத்தால் ஏறி இறங்கும் தண்டும். உருண்டையின் மேல்வாயைத் திறந்து உள்ளே பொருள்களை வைக்கலாம் என்பதே அதன் சிறப்பு. பாயில் உள்ளே கடிகாரத்தைத் தொங்கவிட்டார்; காற்றை வெளியேற்ற வெளியேற்ற அதன் ஓசை தேய்ந்தது. மெழுகுவத்தியை வைத்தார், சுடர் அணைந்தது. பறவைகளை வைத்தார், அவை துடித்து மாண்டன.

1660இல் வெளிவந்த நூலில் இவ்வாறு 43 சோதனைகளை அவர் விவரித்தார். நூல் அவருடைய அண்ணன் மகனுக்கு எழுதிய மடல் வடிவில் அமைந்தது. பறவைச் சோதனையைச் சொல்லும் இடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பார்த்திருந்த பெண்மணிகள் சிலர் பறவையின் துன்பம் பொறாமல், விரைந்து காற்றை உள்ளே விடச் செய்துவிட்டார்கள். அவர்கள் அம்மடலைப் பெறுபவரின் உறவினர். சோதனையை அவர்கள் இல்லாத வேளையில், இரவில் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இன்றைய ஆய்வுக் கட்டுரை எதிலும் இப்படி ஒரு வரி இடம்பெறாது. பாயில் அதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அறையில் என்ன நடந்ததோ அது முழுவதும் அறையில் இல்லாதவருக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. நேரில் காணாத வாசகரும் சாட்சியாக வேண்டும். அதற்காகவே வாக்கியங்கள் நீண்டன. அவருடைய நடை சலிப்பூட்டுவது என்று குறை சொன்னோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. படித்து முடிக்கப் பொறுமை வேண்டும்.

நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் ஒருபுறம். பிரான்சிஸ்கஸ் லைனஸ் என்னும் இயேசு சபைத் துறவி மறுபுறம். குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிற்பது காற்றின் அழுத்தமன்று, மேலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஓர் இழை அதனை இழுத்துப் பிடித்திருக்கிறது என்றார் லைனஸ். அவருக்கு விடை சொல்லும்போதுதான் பாயில் விதி பிறந்தது. 1662இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், ஒரு மறுப்புரையின் உட்பகுதியாக அது இடம்பெற்றுள்ளது.

அச்சோதனையை அவர் கூறும் முறையைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். ஒரு முனை மூடிய, வளைந்த நீண்ட கண்ணாடிக் குழாய். திறந்த முனை வழியே பாதரசத்தை ஊற்றினால் மூடிய முனையில் அகப்பட்ட காற்று நெருக்கப்படும். முதற்குழாய் சோதனையின் நடுவிலேயே உடைந்துபோனது. இரண்டாவது குழாய் அறைக்குள் அடங்காத நீளம்; ஆகவே மாடிப்படியில் நிறுத்தினார்கள். மறுபடி உடைந்தால் பாதரசம் வீணாகாதிருக்க அடியில் ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். ஒருவர் மேலிருந்து ஊற்ற, மற்றொருவர் கீழிருந்து அளவைப் பார்த்தார். இவையெல்லாம் அவரே அச்சில் தந்தவை.

அடுத்து வருவது ஓர் அட்டவணை. காற்று 48 கூறு இடத்தை நிரப்பியபோது அழுத்தம் 29 2/16 அங்குலப் பாதரசம். இடம் 24 கூறாகச் சுருங்கியபோது 58 13/16 அங்குலம். 12 கூறானபோது 117 9/16 அங்குலம். இவற்றின் பக்கத்திலேயே, கருதுகோள் சரியென்றால் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தனி வரிசையும் உண்டு: 24 கூறுக்கு 58 2/8, 12 கூறுக்கு 116 4/8. இரண்டும் ஒத்துவரவில்லை. பின்னதில் ஓர் அங்குலத்திற்கு மேலேயே வேறுபாடு. பாயில் இரு வரிசைகளையும் அருகருகே அச்சிட்டு, வாசகர் பார்வைக்கு விட்டார்.

மாணவர் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்தும் ஆசிரியர்களாகிய நமக்கு இந்த இடம் உறுத்தும். விடை முன்பே தெரிந்திருப்பதால், அளந்த எண்ணைச் சற்றே நகர்த்தி விதியோடு ஒட்டவைக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். துல்லியமாக வந்த எண்களுக்கு முழு மதிப்பெண்ணும், விலகி வந்த எண்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தந்து அவ்வழக்கத்தை வளர்த்தவர்களும் நாமே. விதியைக் கண்டவரின் சொந்த அட்டவணை நம் கையில் திருத்தத்திற்கு வந்திருந்தால் அதற்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்?

அழுத்தத்துக்கும் இடத்துக்கும் இத்தகைய எதிர்விகிதம் இருக்கலாம் என்னும் கருத்தை ரிச்சர்ட் டவுன்லி என்பவரிடமிருந்து பெற்றதாகப் பாயில் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். பின்னர் வந்த பாடநூல்கள் டவுன்லியை மறந்தன. ஐரோப்பாவின் சில நாடுகளில் அவ்விதி பிரெஞ்சு அறிஞர் மாரியாட்டின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் உலையை ஊதியவர்கள், கண்ணாடியைத் துடைத்தவர்கள், பம்பை இயக்கியவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களைப் பாயிலும் எழுதவில்லை. அவருடைய நேர்மை ஊதியம் பெற்றவர்களின் வரிசை வரை எட்டவில்லை.

1661இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பொன்றில், வெற்றி பெறாத சோதனைகளைப் பற்றி மட்டுமே இரண்டு கட்டுரைகளை அவர் எழுதினார். கடையில் வாங்கிய பொருள் கலப்படமாயிருக்கலாம். ஒரே பெயரில் விற்கும் உப்பு ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஒருமுறை வந்த விளைவு மறுமுறை வராமற் போகலாம். இவற்றை மறைத்து எழுதுவோர் பின்வருபவரின் பணத்தையும் காலத்தையும் பாழாக்குகின்றனர் என்பது அவர் கவலை. அதே ஆண்டில் வெளிவந்த ‘ஐயுறும் வேதியியலார்’ என்னும் உரையாடல் நூல்தான் பெரும்புகழ் பெற்றது. பொருள்கள் யாவும் நான்கு பூதங்களால் ஆனவை என்ற அரிஸ்டாட்டில் வழிக் கொள்கையையும், உப்பு, கந்தகம், பாதரசம் ஆகிய மூன்றால் ஆனவை என்ற கொள்கையையும் அது கேள்விக்குட்படுத்தியது. நமக்கோ தோல்விகளைப் பற்றிய அக்கட்டுரைகளே நெருக்கமாகத் தோன்றுகின்றன.

அவர் தொட்ட பிற துறைகளை விரைந்து காண்போம். நிறங்களைப் பற்றிய நூல் 1664இல் வந்தது. ஊதாப்பூச் சாற்றில் அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும் என்று அதில் காட்டினார். நம் பள்ளிகளில் செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கும் பிள்ளைகள் அவ்வழியில் வந்தவர்களே. 1665இல் குளிரைப் பற்றி, 1684இல் குருதியைப் பற்றி நூல்கள். சிறுநீரிலிருந்து பாஸ்பரஸ் எடுக்கும் வழியை 1680இல் கண்டு, எழுதி முத்திரையிட்டு இலண்டன் அரச கழகத்திடம் ஒப்படைத்தார். இரும்பையும் ஈயத்தையும் போன்ற கீழ் உலோகங்களைப் பொன்னாக்கலாம் என்று மனமார நம்பினார். செயற்கைப் பொன் ஆக்குவதைத் தடை செய்த பழைய சட்டம் 1689இல் நீக்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. வேதியியலின் தந்தை என்று நாம் போற்றுபவர் இரசவாதியாகவும் இருந்தார் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் காலத்தில் இரண்டுக்கும் இடையே வேலி எழுந்திருக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். 1672ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, வீட்டுப் பணியாளர் ஒருவர் உணவறைக்குள் சென்று, இருட்டில் ஏதோ ஒளிர்வதைக் கண்டு அஞ்சினார். சில நாள்களுக்கு முன் வாங்கித் தொங்கவிட்ட கன்றிறைச்சி அது. உறங்கப் போகும் வேளையானாலும் பாயில் விடவில்லை. ஒளிர்ந்த இடங்களை எண்ணினார். இருபதுக்கு மேல் இருந்தன. அச்சிட்ட தாள் ஒன்றை அருகே பிடித்து, அவ்வொளியில் தலைப்பெழுத்துகள் சில தெளிவாகத் தெரிவதைக் கண்டார். இறைச்சியில் நாற்றம் சிறிதும் இல்லை என்று குறித்தார். அன்றிரவு காற்று வீசிய திசை, நிலவின் நிலை, காற்றழுத்தமானியின் உயரம் ஆகியவற்றையும் எழுதி வைத்தார். எது காரணமென்று தெரியாதபோது எதையும் விட்டுவிடக் கூடாதல்லவா? ஒளிரும் நுண்ணுயிர்களே காரணம் என்று இன்று நாம் அறிவோம். காற்றழுத்தமானிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று சொல்ல நமக்கு மனமில்லை.

இனி மொழிகளுக்கு வருவோம். விவிலியத்தை மூலத்திலேயே படிப்பதற்காக எபிரேயம், கிரேக்கம், சிரியாக் ஆகியவற்றைப் பாயில் பயின்றார். அறிஞர் உலகம் இலத்தீனில் எழுதிய காலத்தில் அவர் தம் நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். இலத்தீன் பெயர்ப்புகள் பின்னால் வந்தன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் சமயம் பரப்பும் சங்கத்தின் தலைவராக 1662 முதல் பல ஆண்டுகள் இருந்து, அமெரிக்கப் பழங்குடியினரிடையே அவர்கள் மொழியிலேயே விவிலியத்தைக் கொண்டுசென்ற ஜான் எலியட்டின் பணிக்குத் துணை நின்றார். துருக்கி மொழிப் புதிய ஏற்பாட்டுக்கும், அரபு மொழியில் வந்த ஒரு சமய விளக்க நூலுக்கும் பொருளுதவி செய்தார். ஐரிஷ் மொழிக்காகப் புதிய அச்செழுத்துகளையே வார்க்கச் செய்தார். அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு 1681இலும் பழைய ஏற்பாடு 1685இலும் வெளிவந்தன. தந்தை நிலத்தைப் பெற்ற நாட்டுக்கு மகன் எழுத்தை வார்த்துத் தந்தார். இது கடன் தீர்த்ததாகுமா என்பதை ஐரிஷ் மக்களே சொல்ல வேண்டும்.

மலாய் நூலும் இவ்வரிசையில் சேர்ந்ததே. பாயில் சில ஆண்டுகள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராயிருந்தார். அக்கம்பெனிக்கு அந்நாளில் சாவகத் தீவின் பாண்டானில் மிளகு வாணிகக் கிடங்கு இருந்தது. வாணிகம் செல்லும் இடத்துக்குச் சமயமும் செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். நோக்கம் மொழி வளர்ப்பன்று, சமயம் பரப்புதல். அதனை நாம் மொழித்தொண்டு என்று பெயர் மாற்றி அழைக்கத் தேவையில்லை.

அந்நூலின் தலைப்பில் மொழி என்னும் பொருள்படும் ‘பஹாசா’ என்ற சொல் ‘பாஸா’ என்று ஒலிக்கும்படி அச்சிடப்பட்டுள்ளது. டச்சுக்காரர் காதில் விழுந்தவாறு எழுதப்பட்ட மலாய் அது. மலாய் மக்களோ அந்நாளில் ஜாவி எழுத்தில் எழுதிப் படித்தவர்கள். ஆகவே டச்சுக் குடியேற்றங்களில் உரோமன் எழுத்துக்குப் பழகியிருந்த சிறு கிறித்தவக் கூட்டத்தாரைத் தவிர்த்து ஏனையோருக்கு அந்நூல் மூடிய கதவே. ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்ததைக்கூட வாசகருக்குச் சொன்னவர், ஒரு நூல் அதன் வாசகரால் படிக்கப்படுமா என்பதை அறியும் வழியின்றி அதற்குப் பணம் தந்தார். ஆய்வுக்கூடத்தில் அவர் தமக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல் இங்கே கைகொடுக்கவில்லை. தொலைவில் உள்ளோருக்காகத் தொலைவிலிருந்தே எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு அது.

தொலைவை அவர் உணராமலும் இல்லை. 1666இல் அரச கழகத்தின் இதழில், அயல்நாடு செல்வோர் அங்கே எவற்றையெல்லாம் கவனித்து வரவேண்டும் என்று ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். காற்று, நீர், மண், சுரங்கம், பயிர், மக்களின் தோற்றம், உணவு எனக் கேள்விகள் நீள்கின்றன. கடலடியைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். கடலில் மூழ்கியவர்களையும் மாலுமிகளையும் உசாவித் திரட்டிய செய்திகள் அவை. தாம் மூழ்கியதில்லை.

1670இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அதற்குமுன்பே கண்பார்வை நலிந்திருந்ததால் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். 1680இல் அரச கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பதவிப் பிரமாணம் எடுக்க மனச்சான்று இடந்தரவில்லை என்று மறுத்துவிட்டார். 1688இல், தம் கையெழுத்துப்படிகள் பல காணாமற் போனதையும், சிலவற்றின் மீது கந்தக அமிலம் கொட்டிவிட்டதையும் பொது அறிவிப்பாகவே அச்சிட்டு வெளியிட்டார். பார்க்க வருவோர் மிகுந்தபோது, எந்நேரங்களில் வரலாம் என்று வீட்டு வாயிலில் பலகை தொங்கியது. அவ்வீடு இலண்டன் பால்மால் தெருவில் இருந்த தமக்கையின் வீடு. 1668 முதல் இருவரும் அங்கேயே சேர்ந்து வாழ்ந்தனர். பாயில் மணம் செய்துகொள்ளவில்லை. 1691 டிசம்பர் 23ஆம் நாள் கேத்தரின் மறைந்தார். ஒரு வாரம் கழித்து, அவ்வாண்டின் இறுதியில் தம்பியும் மறைந்தார். இருவரையும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர். அடுத்த நூற்றாண்டில் அத்தேவாலயத்தை இடித்துப் புதிதாய்க் கட்டியபோது கல்லறை இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

எஞ்சிய தாள்கள் இலண்டன் அரச கழகத்தில் உள்ளன. அவற்றுள் ஒரு தாளில், எதிர்காலத்தில் நிறைவேற வேண்டுமென அவர் விரும்பிய 24 செயல்களின் பட்டியல் காணப்படுகிறது. வாழ்நாளை நீட்டித்தல், இளமையை, அல்லது புதுப்பல், கருமுடி போன்ற அதன் அடையாளங்களையேனும் மீளப்பெறுதல், பறத்தல், நீருக்கடியில் நெடுநேரம் தங்குதல், வலியைத் தணித்து நல்லுறக்கம் தரும் மருந்துகள், கடலில் தீர்க்கரேகையை உறுதியாய் அறியும் வழி, எக்காற்றிலும் செல்லும் கப்பல், மூழ்காத கப்பல், அணையாத விளக்கு. இவற்றோடு, தேய்த்தால் மணம் வீசும் மெருகெண்ணெயும் ஒன்று.